எடை இருக்கும் மூலைக்குப் போவது எப்படி?

கோத்தகிரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். வயது 47. ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. போகும் நாளெல்லாம் டிரெட்மில்லில் 30 நிமிடம் நடக்கிறார், எடைகள் அடுக்கியிருக்கும் மூலையை ஓரக்கண்ணால் பார்க்கிறார், வீட்டுக்கு வந்துவிடுகிறார். அந்த மூலையில் எப்போதும் இளைஞர்கள் நிற்கிறார்கள். ஒரு நாள் துணிந்து கேட்டபோது மாஸ்டர் ஒரு கிலோ டம்பெல்லைக் கையில் கொடுத்து, "உங்களுக்கு இது போதும் அம்மா" என்று சொல்லிவிட்டார். வீட்டில் மாமியார், கனம் தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்கிறார். "இந்த வயதில் எடை தூக்கலாமா, ஆபத்தில்லையா, என்ன ஷூ வாங்க வேண்டும்?" என்று கேள்வி முடிகிறது. தூக்கலாமா என்பதற்குத் தூக்கலாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் மூன்று மாதமாகக் கட்டணம் கட்டிக் குளிரில் எழுந்து போகிறவர் அனுமதிக்காகக் காத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த மூலையில் போய் நிற்கும் துணிவு எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் குன்னூரில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக பிசியோதெரபி செய்துவருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் 40 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள். ஜூன், ஜூலையில் மழை பிடித்துவிட்டால் பாசி படிந்த படியில் வழுக்கி விழுந்து, கையை ஊன்றி, மணிக்கட்டு முறிந்து வருவார்கள். 50 வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு நின்ற உயரத்திலிருந்து விழுந்ததிலேயே மணிக்கட்டு முறிகிறது என்றால், எலும்பு மெலியத் தொடங்கிவிட்டதோ என்று நாங்கள் சந்தேகப்பட வேண்டும். விழுந்த பிறகு வருகிறவர்களையே பார்த்துப் பார்த்து, விழுவதற்கு முன்பே இவர்கள் கையில் எடையைக் கொடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு வந்துவிட்டது. அந்தப் பிடிவாதம் இந்தப் பதில் முழுவதும் இருக்கும். உங்கள் முழங்காலையோ ரத்த அழுத்தத்தையோ நான் பார்த்ததில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

துணிவைப் பற்றி முதலில். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல், 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து நான்கு வழிகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பிக்கைக்குரியவர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்தில் உடம்பு தரும் அறிகுறிகள். நான்கில் வலுவானது முதலாவது. என் அனுபவமும் அதுதான். துணிவு வந்த பிறகு எடை தூக்கத் தொடங்கிய ஒரு பெண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லோரும் பயத்தோடுதான் தூக்கினார்கள். ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ, பயம் எப்போது போனது என்று அவர்களுக்கே தெரிவதில்லை. நம்பிக்கை எந்த வேலையில் பழகினோமோ அந்த வேலையோடுதான் ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாத நடை உங்களுக்கு நடப்பதில் நம்பிக்கை தந்திருக்கிறது. எடை மூலையைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் முதல் நாளில்தான் நிற்கிறீர்கள். டிரெட்மில்லில் இன்னும் ஆறு மாதம் நடந்து 'தயாராகி'விட்டு அந்தப் பக்கம் போகலாம் என்று நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

'கனம் தூக்காதே' என்ற சொல் நம் பெண்களின் உடம்பில் எப்படி ஏறியது என்பதையும் யோசித்துப் பாருங்கள். பிரசவம் முடிந்ததும் சொன்னார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிறகு சொன்னார்கள். சிசேரியனோ கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சையோ ஆகியிருந்தால் மருத்துவரே சொல்லியிருப்பார், சரியாகத்தான் சொல்லியிருப்பார். தையல் ஆறும் வரை, பெரும்பாலும் ஆறு வாரத்தை ஒட்டி, அந்த எச்சரிக்கை தேவை. ஆனால் ஆறு வாரம் கழித்து யாரும் வந்து, "இனி மெல்ல மெல்லத் தூக்கத் தொடங்கலாம்" என்று சொல்வதில்லை. 20 ஆண்டுகளுக்கு முன் போட்ட தடையை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் பெண்களை வாரந்தோறும் சந்திக்கிறேன். அவர்களில் யாரும் உண்மையில் தூக்காமல் இருந்ததும் இல்லை. 14.2 கிலோ எரிவாயு நிரப்பிய சிலிண்டர், இரும்பின் கனத்தையும் சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோவுக்கு மேல். இவற்றை நகர்த்தி, சாய்த்து, இடுப்பில் முட்டுக்கொடுத்து வைப்பவர்கள்தான் ஒரு கிலோ டம்பெல் போதும் என்று கேட்டுவிட்டுத் தலையாட்டி வருகிறார்கள்.

நம் மலையில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. ஊட்டியில் முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில் நடக்கும் மொற்பர்த் பண்டிகையில் ஆண்கள் இளவட்டக்கல் தூக்கும்போது சுற்றிலும் கூட்டம் நின்று பார்க்கிறது, மறுநாள் நாளிதழில் படம் வருகிறது. தேயிலை பறித்துச் சரிவில் பையைச் சுமந்து எடை போடும் இடம் வரை வரும் பெண்ணின் சுமையை யாரும் 'தூக்குதல்' என்று எண்ணியதே இல்லை. மணிப்பூரின் மீராபாய் சானு சிறுவயதில், அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததாக அவர் குடும்பத்தினர் சொல்லியிருக்கிறார்கள். அந்த வலிமையை யாரோ கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லிப் பயிற்சி கொடுத்ததால்தான் டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் வாங்கினார். விறகு சுமந்த மற்றப் பெண்களின் பலத்தை எடுத்துச் சொல்ல யாரும் வரவில்லை.

அதற்காக, 'எஸ்டேட்டில் சுமக்கிறேனே, வீட்டில் தூக்குகிறேனே, அது போதாதா' என்று கேட்டால் போதாது என்றே சொல்வேன். சுமையும் பயிற்சியும் ஒன்றல்ல. சுமை ஒவ்வொரு நாளும் அதே அளவு, அதே பக்கம், அதே குனிவு; உடம்பு களைத்திருந்தாலும் சுமந்தாக வேண்டும். பயிற்சியில் எடை உங்கள் அளவிலிருந்து தொடங்குகிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, இடையில் ஓய்வு கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் 1940-களில் இந்த முறையைத்தான் வகுத்தார். படிப்படியாகக் கூட்டும் எடை என்ற அந்த ஒரு யோசனையிலிருந்துதான் எங்கள் தொழிலின் பெரும்பகுதி வளர்ந்தது. வாழ்நாள் முழுவதும் சுமந்த எஸ்டேட் பெண்களுக்கு இடுப்பு வலி மிஞ்சுவதும், வாரம் இரண்டு நாள் தூக்கும் பெண்ணுக்கு இடுப்பு உறுதியாவதும் முரணே இல்லை.

இனி உறுதியாகத் தெரிந்த விஷயங்கள். முப்பதுகளுக்குப் பிறகு தசை மெல்லக் குறைகிறது. மாதவிலக்கு நிற்கும் ஆண்டுகளில், நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதை ஒட்டி, ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பு இழப்பு வேகம் பிடிக்கிறது. எடைப் பயிற்சி தசையைத் திரும்ப வளர்க்கும் என்பதில் எந்த ஐயமும் இல்லை, எந்த வயதிலும். 1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேருக்கும் சேர்த்துக் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. 47 வயதில் தாமதமாகிவிட்டதோ என்று தயங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், நடைப்பயிற்சியோடு சேர்த்து, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலிமைப் பயிற்சி வேண்டும் என்கிறது. உங்கள் 30 நிமிட நடை அதில் ஒரு பாதி. மறுபாதி அந்த மூலையில் இருக்கிறது.

எலும்பைப் பொறுத்தவரை 2018-இல் அச்சான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வை அடிக்கடி எடுத்துச் சொல்கிறேன். மாதவிலக்கு நின்று, எலும்புத் திண்மை குறைந்திருந்த 101 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வீட்டில் லேசான பயிற்சி செய்தது. மற்றக் குழு வாரம் இரண்டு நாள், 30 நிமிடம் மட்டும், கண்காணிப்போடு டெட்லிஃப்ட் (எடையைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்வது), ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் தூக்குதல் ஆகியவற்றைக் கனமான எடையில் செய்தது. எட்டு மாதத்தில் கனமாகத் தூக்கியவர்களின் கீழ் முதுகெலும்புத் திண்மை சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. லேசாகச் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. எலும்பு முறிவு எதுவும் நடக்கவில்லை. ஆனால் அவர்கள் முதல் மாதம் முழுவதும் லேசான எடையில் முறையை மட்டும் கற்றார்கள், பயிற்றுநர் ஒவ்வொரு நாளும் பக்கத்தில் நின்றார். இந்த இரண்டையும் மறந்துவிட்டு முதல் நாளிலேயே கனத்தைப் பிடித்தால் அந்த ஆய்வு உங்களுக்குத் துணை நிற்காது. அதேபோல ஒரு கிலோ டம்பெல்லை ஆண்டுக்கணக்கில் ஆட்டிக்கொண்டிருந்தாலும் எலும்புக்குச் சேதி போய்ச் சேராது.

மாமியாருக்குச் சொல்ல வேண்டிய பதில் கொஞ்சம் சிக்கலானது. அவருடைய பயம் வெறும் மூடநம்பிக்கை இல்லை. கர்ப்பப்பை இறக்கத்துக்குப் பிரசவங்கள், வயது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, உடல் பருமன் ஆகியவை காரணமாவது தெரிந்த விஷயம். தொழிலாக ஆண்டுக்கணக்கில் கனம் சுமக்கும் பெண்களிடம் அது கூடுதலாக இருப்பதையும் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அவர் தம் காலத்தில் கண்ணால் பார்த்தது அதுவாக இருக்கலாம். ஜிம்மில் முறையாக, படிப்படியாகத் தூக்குவதே இறக்கத்தை உண்டாக்கும் என்று யாரும் நிறுவவில்லை. முழுக்க முழுக்கத் தொடர்பில்லை என்று அடித்துச் சொல்லவும் நான் தயாராக இல்லை. என் நடைமுறை இதுதான்: தூக்கும் நொடியில் மூச்சை அடக்கி முக்காமல் வாய் வழியாக ஊதி விடச் சொல்கிறேன். அடிப்பக்கம் கனமாக இறங்குவது போலவோ, ஏதோ தட்டுப்படுவது போலவோ இருந்தால் நிறுத்திவிட்டுப் பெண்கள் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொன்றை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். தும்மும்போதும் இருமும்போதும் எடையைத் தூக்கும்போதும் சிறுநீர் சொட்டுகிறது என்பதற்காகவே ஜிம்மைத் தவிர்க்கும் பெண்கள் நிறையப் பேர். வெட்கம் என்று அவர்கள் சொல்வது பல நேரம் இதைத்தான். இது வயதோடு சகித்துக்கொள்ள வேண்டியது இல்லை. சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை ஆர்னால்டு கீகல் என்ற மருத்துவர் 1948-இல் விளக்கினார். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலோருக்கு நல்ல மாற்றம் தெரியும். ஒரு முறை சரியாகச் செய்கிறோமா என்று பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. பலர் அடித்தசைக்குப் பதில் தொடையையும் வயிற்றையும் இறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆண்களைப் போல உடம்பு ஆகிவிடுமோ என்ற பயத்துக்கு இரண்டு வரி போதும். பெண்ணின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஆணின் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முதல் இரண்டு மாதத்தில் வலிமை கூடுவதும் பெரும்பாலும் தசை பெருத்ததால் வருவதில்லை. இருக்கும் தசையை நரம்பு திறமையாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருகிறது. அதனால்தான் அந்த இரண்டு மாதத்தில் எண்கள் வேகமாக ஏறுகின்றன. ஏறும் எண்ணைப் பார்க்கப் பார்க்கத்தான் துணிவும் வரும்.

இளைஞர்கள் பார்ப்பதைப் பற்றி. மற்றவர் நம்மைக் கவனிப்பதாக நாம் நினைக்கும் அளவுக்கு அவர்கள் கவனிப்பதில்லை என்று 2000-இல் அச்சான ஒரு கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. கூச்சம் தரும் படம் போட்ட சட்டை அணிந்து அறைக்குள் போனவர்கள், ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்தவர்கள் நான்கில் ஒரு பங்குதான். அந்த நான்கில் ஒரு பங்கு இருக்கிறதே என்று நீங்கள் கேட்டால், நியாயம். உங்கள் மனப்பிரமை என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு விருப்பமில்லை. உற்றுப் பார்ப்பவர்கள் உண்டு, அறிவுரை சொல்ல ஓடி வருபவர்களும் உண்டு. அதனால் முதல் மாதம் நேரத்தை மாற்றுங்கள். சிறிய ஊர்களின் ஜிம்மில் காலை 10 மணியிலிருந்து மதியம் வரை பெரும்பாலும் ஆளிருக்காது. அந்த நேரம் வேலை இருந்தால் ஞாயிறு ஒரு நாளாவது. தெரிந்த பெண் ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களைவிடத் திறமையானவராக இருக்க வேண்டியதில்லை. உங்களைப் போன்ற ஒருவர் தூக்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதும் பண்டூரா சொன்ன வழிகளில் ஒன்று. மாஸ்டரிடம் 'எடை தூக்க ஆசை' என்று சொல்லாதீர்கள். "டெட்லிஃப்ட் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும், தட்டு எதுவும் மாட்டாத வெறும் ராடில் தொடங்கலாம், நான்கு நாள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள்" என்று பயிற்சியின் பெயரோடு கேளுங்கள். பெயர் தெரிந்து கேட்பவரிடம் ஒரு கிலோ டம்பெல்லைக் கொடுத்து அனுப்புவது கடினம். அப்படியும் அனுப்பினால் வேறு மாஸ்டரைத் தேடுவது உங்கள் உரிமை.

பயத்தின் இன்னொரு வேரை எனக்குக் காட்டியவர் கேத்திப் பக்கம் கேரட் பயிரிடும் ஒரு பெண்மணி. 52 வயது. மணிக்கட்டு முறிவு ஆறிய பிறகு எடைப் பயிற்சிக்கு வந்தார். ஸ்வெட்டரைக் கழற்றாமல் ராடுக்கு இரண்டடி பின்னாலேயே நின்றார். என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டேன். "தூக்கிவிடுவேன். பாதியில் முடியாமல் போனால் என்ன செய்வது?" என்றார். அதுவரை நூற்றுக்கணக்கான பெண்களுக்குத் தூக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன். விட்டுவிடக் கற்றுக்கொடுத்ததில்லை. அன்று அவரைத் தூக்கச் சொல்லவே இல்லை. உயரமான கட்டைகளின் மேல் ராடை வைத்து, அரை அடி உயர்த்திக் கீழே வைப்பதை மட்டும் பத்து முறை செய்யச் சொன்னேன். முதுகை வளைக்காமல், இடுப்பைப் பின்னால் தள்ளி வைப்பது எப்படி, முடியாவிட்டால் கையை விட்டுப் பின்னால் நகர்வது எப்படி. நம் ஊர்ச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்ட கல். தலைச்சுமையோடு வருகிறவர் யார் துணையும் இல்லாமல் இறக்கி வைத்து, திரும்பத் தலையில் ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் இருக்கும். ஸ்குவாட் செய்யும் இரும்புச் சட்டத்தில் இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பிகள் இருக்கின்றனவே, அவை அந்தச் சுமைதாங்கிதான். எந்த உயரத்தில் மாட்டுவது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் ராடோடு உட்கார்ந்து, எழாமல், கம்பியின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்து பாருங்கள். அந்தப் பெண்மணி ஐந்தாம் மாதம் தரையிலிருந்து 45 கிலோ எடுத்தார். மூட்டையை வண்டியில் ஏற்ற ஆளுக்காகக் காத்திருந்தவர், இப்போது ஒரு முனையைத் தாமே பிடிப்பதாகச் சொன்னார்.

எப்படித் தொடங்குவது என்று கேட்டால், வாரம் இரண்டு நாள், இடையில் இரண்டு நாளாவது இடைவெளி. ஐந்து அசைவுகள் போதும்: பெஞ்சில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், கட்டை மேலிருந்து எடுக்கும் டெட்லிஃப்ட், கேபிளையோ டம்பெல்லையோ தன் பக்கம் இழுப்பது, தலைக்கு மேல் தள்ளுவது, இரண்டு கையிலும் எடையைப் பிடித்து நடப்பது. ஒவ்வொன்றும் தொடர்ந்து எட்டுப் பத்து முறை செய்தால் ஒரு செட்; அப்படி இரண்டு செட். இன்னும் இரண்டு முறை ஒழுங்காகத் தூக்கலாம் என்று தோன்றும்போது நிறுத்திவிடுங்கள். ஒரு சின்ன நோட்டு வாங்கித் தேதி, எடை, எத்தனை முறை என்று எழுதிவாருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட அந்த நோட்டைத்தான் நான் நம்புகிறேன். மனம் சோர்ந்த நாளில் அதைத் திருப்பிப் பார்ப்பவர்கள் மறுநாளும் வந்துவிடுகிறார்கள்.

எழுதும்போது ராடின் கனத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். போட்டிகளில் ஆண்களின் ராடு 20 கிலோ, பெண்களுடையது 15 கிலோ, கைப்பிடியும் சற்று மெல்லியது. சிறிய ஜிம்களில் இரண்டும் இல்லாமல் எட்டுப் பத்து கிலோ ராடும் கிடக்கும். எடை பார்க்கும் கருவியில் நிறுத்துப் பாருங்கள். பல பெண்கள் மனம் உடையும் இடம் ஒன்று உண்டு. ஜிம்மில் இருக்கும் மிகச் சிறிய தட்டு 2.5 கிலோ என்றால், இரண்டு பக்கமும் போடும்போது ஒரேயடியாக ஐந்து கிலோ ஏறிவிடுகிறது. 15 கிலோவைத் தலைக்கு மேல் தள்ளுகிறவருக்கு 20 கிலோ என்பது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். முடியாமல் போகிறது, 'என் உடம்புக்கு இவ்வளவுதான்' என்று முடிவு கட்டிவிடுகிறார். தவறு தட்டில் இருக்கிறது. 1.25 கிலோ தட்டு ஒரு ஜோடியை நீங்களே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்கும் வரை எடையைக் கூட்டாமல் எட்டு முறையைப் பன்னிரண்டாக்குங்கள்.

மலையில் இருப்பதால் சில வேறுபாடுகள். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கேயே வாழ்கிறவருக்கு உடம்பு பழகியிருக்கும். அரை நிமிடத்தில் முடிந்துவிடும் ஒரு செட்டை உயரம் பெரிதாகப் பாதிப்பதும் இல்லை. இரண்டு செட்டுக்கு இடையே இரண்டு, மூன்று நிமிடம் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் மூட்டுகள் இறுகியிருக்கும். பத்து நிமிடமாவது நடந்து உடம்பைச் சூடாக்கிய பிறகு தொடங்குங்கள், ஸ்வெட்டரை வேர்த்த பிறகு கழற்றுங்கள். உடனே பனியில் வெளியே போகாமல் மீண்டும் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஏற்றமும் இறக்கமுமாக நடந்து மலைப் பெண்களின் கால்கள் பொதுவாக நன்றாகவே இருக்கும். இறக்கத்தில் முழங்கால் வலித்தால் தொடையின் முன்தசை தளர்ந்திருக்கலாம். பெஞ்ச் ஸ்குவாட்டில் மெதுவாக உட்காருவது அதற்கே மருந்து. மேல்முதுகும் தோளும்தான் பின்தங்கியிருக்கும். இழுக்கும் பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள்.

உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றைத்தான் காணொளிகளில் உறுதியாகச் சொல்கிறார்கள். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் உடல் திடீரெனச் சூடேறும் தொல்லையை எடைப் பயிற்சி குறைக்குமா? 2019-இல் சுவீடனில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் 15 வாரத்தில் அந்தத் தொல்லை கணிசமாகக் குறைந்தது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் ஒரு சிறிய ஆய்வை வைத்து நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மாதவிலக்கு நாள்களுக்கு ஏற்ப எடையைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை; அன்றைக்கு உடம்பு சொல்வதைக் கேட்டால் போதும். எடைப் பயிற்சி மட்டும் செய்தால் உடல் எடை சரசரவென்று இறங்கும் என்பதும் அப்படித்தான். சிலருக்குத் தராசில் ஒரு கிலோகூடக் குறையாமல் ரவிக்கை மட்டும் தளரும்.

தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டியவர்களும் உண்டு. ரத்த அழுத்தம் 180/110-ஐத் தொடுகிறவர்கள், நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வருகிறவர்கள், சர்க்கரை நோயால் கண் விழித்திரை பாதித்தவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் எலும்பு முறிந்தவர்கள். 47 வயதில் பலருக்கு மாதவிலக்கு நிற்கும் முன் ரத்தப்போக்கு அதிகமாகும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 அறிக்கைப்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டாவது செட்டிலேயே மூச்சு வாங்கிப் படபடவென்று வந்தால், துணிவு போதவில்லை என்று உங்களையே நொந்துகொள்ளும் முன் ஹீமோகுளோபினைப் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் அதற்கு வைத்தியம் வேண்டும், மன உறுதி உதவாது. சாப்பாட்டில் புரதத்தைக் கவனியுங்கள்: ஒரு முட்டையில் ஆறு கிராம், 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல். ராகிக் களியோடு அவரைக் குழம்பு வைத்துச் சாப்பிடும் வீடுகளில் பாதி வேலை முடிந்துவிட்டது. அவரையைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும். புரதப் பொடி கட்டாயமில்லை.

கடைசியாக ஷூ. நடைக்கு வாங்கிய மெத்தென்ற ஷூவில் எடை தூக்கும்போது கால் ஆடும். அடிப்பாகம் தட்டையாக, கெட்டியாக இருக்கும் சாதாரண கேன்வாஸ் ஷூ போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. மழைக்காலத்தில் ஜிம்முக்குப் போகும் வழியில் அதை அணியாதீர்கள். ஈரமான தட்டை ஷூ நம் படிகளில் வழுக்கும். பையில் வைத்துக் கொண்டுபோய் உள்ளே மாற்றிக்கொள்ளுங்கள்.